சொட்டினால் சுகம்
மூன்று இடங்களில் ஓடும் பம்புகளை நம்பித்தான் பெங்களூர் குளிக்கிறது, குடிக்கிறது. அவற்றைப் பராமரிக்க நிறுத்தினாலோ கோபம் வருகிறது

வீட்டுக் குழாய் சொட்டினால் பிளம்பரைக் கூப்பிடுவோம். பெரிய நீரேற்று நிலையங்களில் கதை வேறு. பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் கயிறு போல் சுற்றியிருக்கும் கிளாண்டு பேக்கிங்கிலிருந்து, நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு தண்ணீர் விழுந்துகொண்டிருக்க வேண்டும். அதுதான் தண்டைக் குளிரவைக்கிறது. 'ஒழுகுகிறதே' என்று அவசரப்பட்டு நட்டை இறுக்கினால் பேக்கிங் கருகும், தண்டு தேயும்.

இந்தச் சின்ன விஷயத்தில் பெங்களூரின் தாகமே அடங்கியிருக்கிறது. நகரம் இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில். காவிரி ஓடுவதோ சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால், பள்ளத்தில். தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாத்தகுணி என்று மூன்று இடங்களில் படிப்படியாக, மொத்தம் ஏறக்குறைய 500 மீட்டர் தண்ணீரை மேலே தள்ள வேண்டும். 1974இல் முதல் கட்டமாக வந்த காவிரி நீர், 2012க்குப் பிறகு நாளொன்றுக்கு சுமார் 145 கோடி லிட்டராகப் பெருகியது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தின் கொள்ளளவு இன்னொரு 77.5 கோடி லிட்டர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆயிரம் லிட்டரை 500 மீட்டர் உயர்த்த, எந்த இழப்பும் இல்லாவிட்டாலே சுமார் 1.4 யூனிட் மின்சாரம் தேவை. அதாவது 145 கோடி லிட்டருக்குத் தினமும் 20 லட்சம் யூனிட். பம்புக்குள் தேய்மானத்தால் இடைவெளி கூடி, தள்ளிய தண்ணீரில் ஒரு பகுதி உள்ளேயே திரும்பிச் சுற்றினால் திறன் குறையும். ஒரு சதவீதம் குறைந்தாலும் தினமும் 20,000 யூனிட்டுக்கு மேல் வீண். குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும்பங்கை மின்கட்டணமே விழுங்கும் ஊரில் இது சின்ன நஷ்டமல்ல.

ஆகவே பராமரிப்பு என்பது பழுது பார்ப்பதல்ல, பழுது வராமல் பார்ப்பது. ஒவ்வொரு ஷிப்டிலும் பேரிங்கின் சூடு, அதிர்வு, அழுத்தம், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஆகியவை பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரு நாளின் எண் எதையும் சொல்லாது; மூன்று மாத எண்களை வரிசையாகப் பார்த்தால் எந்த பேரிங் படுக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். மோட்டாரும் பம்பும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் அதிர்வு கூடும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்தால் நீரில் குமிழிகள் தோன்றி வெடித்து இம்பெல்லரை அரிக்கும். உள்ளே ஜல்லி உருளுவது போல் சத்தம் கேட்கும். சும்மா நிற்கும் ஸ்டாண்ட்பை பம்பையும் முறைவைத்து ஓட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் அது கைவிரிக்கும்.

இன்னொரு பயம் மின்வெட்டு. பம்பு திடீரென்று நின்றால், மேட்டில் ஏறிக்கொண்டிருந்த நீர்த்தம்பம் அப்படியே திரும்பி வந்து மோதும். அதைத் தடுக்கும் வால்வு சரியான நேரத்தில் மூடாவிட்டால் குழாயே பிளக்கலாம்.

பம்புகள் நின்றால் என்ன ஆகும் என்பதை நகரம் 2022 செப்டம்பரில் பார்த்தது. கனமழையில் தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. நனைந்த மோட்டாரைத் துடைத்துவிட்டு ஓட்ட முடியாது. உலர்த்தி, மின்காப்பைச் சோதித்த பிறகே சுவிட்சைத் தொடலாம். அன்றைய முதல்வர் பசவராஜ் பொம்மை நேரில் வந்து பார்த்தார். தெருவெல்லாம் தண்ணீர் நின்ற பெங்களூரில் பல பகுதிகளில் குழாய்கள் வறண்டன.

வெள்ளத்தைப் பராமரிப்பு தடுத்திருக்காதுதான். ஆனால் பேரிங் தேய்வதும் வால்வு சிக்கிக்கொள்வதும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருபவை. பராமரிப்புப் பணிக்காக இன்று தண்ணீர் வராது என்ற அறிவிப்பைப் படித்ததும் முகம் சுளிக்காதவர்கள் பெங்களூரில் குறைவு. முன்பே சொல்லிவிட்டு நிறுத்தினால் முதல் நாளே குடத்தில் பிடித்து வைக்கலாம். தானாக நிற்கும் பம்பு எந்த அறிவிப்பும் கொடுப்பதில்லை.