காப்பி எடுத்தது மெஷினுக்குத் தெரியுமா?



இந்த வார எபிசோடில் ஸ்னாப்ஷாட் பற்றிப் பேசும்போது வந்த கேள்வி இது: ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விர்ச்சுவல் மெஷினை மெமரியோடு அப்படியே காப்பி எடுத்து, இரண்டாக ஓட விட்டால், உள்ளே இருக்கும் கெர்னலுக்கு அது தெரியுமா?

தானாகத் தெரியாது. வெளியிலிருந்து யாராவது சொல்லணும்.

"அதான் ஒவ்வொரு மெஷினுக்கும் ஐடி இருக்கே?"ன்னு கேட்பீங்க. இருக்கு. லினக்ஸில் மெஷின்-ஐடி என்று 128 பிட் எண் ஒன்று உண்டு. ஆனால் அது டிஸ்க்கில் ஒரு ஃபைலாக இருக்கிறது. டிஸ்க்கைக் காப்பி எடுத்தால் அதுவும் கூடவே வந்துடும். ஒரே டெம்ப்ளேட்டில் பிறந்த இரண்டு சர்வர்கள் சில நேரம் ஒரே ஐபி முகவரிக்கு அடித்துக்கொள்வது இதனால்தான். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, டிஹெச்சிபி சர்வரிடம் சொல்லும் அடையாளத்தை மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்குது.

ஐபி சண்டையாவது கண்ணுக்குத் தெரியும். ரேண்டம் எண்களில் இருக்கும் ஆபத்து தெரியாது. அந்த எண்களை உருவாக்கும் நிலையைக் கெர்னல் மெமரியில் வைத்திருக்கிறது. மெமரியைக் காப்பி எடுத்தால், புதிய எண்ட்ரோபி கலக்கும் வரை இரண்டு மெஷினும் ஒரே எண்களைத் தரலாம். ஈசிடிஎஸ்ஏ கையொப்பத்தில் ஒரே சாவியோடு, இரண்டு வெவ்வேறு செய்திகளுக்கு ஒரே ரகசிய எண் பயன்பட்டால், அந்தக் கையொப்பங்களை வைத்தே தனிச்சாவியைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். விளையாட்டில்லை.

இதற்கான தீர்வுதான் விஎம் ஜெனரேஷன் ஐடி. மைக்ரோசாஃப்ட் இதை விண்டோஸ் சர்வர் 2012-இல் கொண்டுவந்தது. ஹைப்பர்வைசர் ஒரு 128 பிட் எண்ணை ஏசிபிஐ வழியாக உள்ளே காட்டும். மெஷினை ரீபூட் செய்தாலோ, லைவ் மைக்ரேஷனில் வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தினாலோ எண் மாறாது. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், குளோன் எடுத்தால் மாறும். அதாவது, வீடு மாறினால் பெயர் மாறாது. இரட்டை பிறந்தால் மாறும்.

விண்டோஸில் ஆக்டிவ் டைரக்டரி இதைப் பார்த்துத்தான், தான் பழைய நிலைக்குத் திருப்பப்பட்டதைக் கண்டுபிடிக்கிறது. லினக்ஸுக்கு இந்த டிரைவர் 2022-இல் வெளியான 5.18 கெர்னலில் வந்தது. எண் மாறியதும் கெர்னல் அதை ரேண்டம் நிலையில் கலந்து புதுப்பித்துக்கொள்ளும். வயர்கார்டும் தன் பழைய செஷன் சாவிகளை அழித்துவிடும்.

ஆனாலும் முழு நிம்மதி இல்லை. அறிவிப்பு வந்து சேரும் வரை ஒரு சின்ன இடைவெளி இருக்கு. தனக்கென்று சொந்த ரேண்டம் ஜெனரேட்டர் வைத்திருக்கும் அப்ளிகேஷனுக்கு இந்தச் செய்தி தானாகப் போய்ச் சேராது.

அதனால் வேலைக்கு உதவும் மூன்று விஷயங்கள்:

1. டெம்ப்ளேட் எடுக்கும் முன் மெஷின்-ஐடி ஃபைலைக் காலி செய்யுங்க. அடுத்த பூட்டில் புதிதாக உருவாகும்.

2. எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளை நீக்கி, முதல் பூட்டில் புதியவை உருவாக ஏற்பாடு செய்யுங்க.

3. லிப்வர்ட் பயன்படுத்துபவர்கள், மெஷினின் எக்ஸ்எம்எல்லில் ஜென்ஐடி இருக்கிறதா என்று பாருங்க.

சந்தேகம் இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்!