பூஞ்சண உலகம் (7): வளர்ச்சி நிற்குமிடம்

பூஞ்சண இழை தன் நுனியிலேயே நீண்டு நீண்டு, உணவிருக்கும் திசையெல்லாம் கிளைவிட்டுப் பரவும் விதத்தைச் சென்ற வாரம் கண்டோம். அவ்வாறு பரவுவதொன்றையே தொழிலாகக் கொண்ட இழை, ஏதோ ஒரு வேளையில் தன் போக்கை நிறுத்திவிட்டு, ஆண் பெண் சேர்க்கை ஏதுமின்றியே ஆயிரக்கணக்கான வித்துகளைப் பிறப்பிக்கத் தலைப்படுகிறதே, அந்த உத்தரவை இடுவது எது?

இவ்விசாரணைக்கு வாய்ப்பாக அமைந்தது ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்னும் பச்சைப் பூஞ்சணம். 1938-ல் இத்தாலியைவிட்டு ஸ்காட்லாந்துக்கு வந்த கைடோ போன்டெகார்வோ, கிளாஸ்கோ சர்வகலாசாலையில் இதனை வளர்த்து, இதன் பாரம்பரிய இயல்புகளை 1953-ல் விரிவாக எழுதி வெளியிட்டார். அன்றுமுதல் இந்த அற்பமான பூஞ்சணம் ஜீன் ஆராய்ச்சியாளரின் செல்லப்பிள்ளையாகிவிட்டது.

வித்து முளைத்து ஏறத்தாழ 18 முதல் 20 மணி நேரம் வளர்ந்தாலன்றி, மறுபடி வித்துண்டாக்கும் பக்குவம் இதற்கு வருவதில்லை. பக்குவம் வந்த பின்னும், திரவத்துக்குள் அமிழ்ந்து கிடக்கும்வரை இழையாகவே இருந்துவிட்டு, காற்றுப் பட்டதும் வேறொரு காரியத்தைத் தொடங்குகிறது. இழையிலிருந்து ஒரு தண்டு மேல்நோக்கி எழுகிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உயர்ந்ததும் அதன் தலை உருண்டையாகப் பருக்கிறது. உருண்டையின்மேல் இரண்டு அடுக்காக உயிரணுக்கள் முளைக்கின்றன. மேலடுக்கின் ஒவ்வோர் அணுவும் ஒன்றன்பின் ஒன்றாக வித்துகளை ஈன்று, முன் பிறந்ததைப் பின் பிறந்தது தள்ள, அவற்றைச் சரம் சரமாக நிறுத்துகிறது. ஒரு தலையில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வித்துகள் சேர்ந்துவிடுவதுண்டு.

இந்தச் சிருஷ்டியின் கிரமத்தை அறிய, கிளாஸ்கோவில் ஜான் கிளட்டர்பக் கையாண்ட உபாயம் வக்கிரங்களைத் தேடுவது. 1969-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜீன் கெட்ட பூஞ்சணங்கள் எந்தெந்தப் படியில் தடுமாறி நின்றுவிடுகின்றன என்பதைத் தரம் பிரித்துக் காட்டினார். ‘பிரிஸ்டில்’ என்று பெயர் பெற்ற வகையில், தண்டு தலை பருக்கும் வழி தெரியாமல், இயல்பைப்போல இருபது முப்பது மடங்கு உயர்ந்து முரட்டு மயிராய் நின்றுவிடுகிறது. ‘அபாகஸ்’ வகையில் தலை உண்டு, முதலடுக்கும் உண்டு. ஆனால் வித்துகளுக்குப் பதிலாக மணிச்சட்டத்தின் மணிகள்போல் இடையிடையே புடைத்த வெற்றுச் சரங்களே தோன்றுகின்றன. மூன்றாவதான ‘வெட்-வைட்’ வித்துகளையே ஈன்றுவிடுகிறது. அவை பச்சை நிறம் பெறாமலும் சுவர் உறுதிப்படாமலும் வெளுத்திருந்து, சில நாளில் தாமே கரைந்து நீர்த்துளியாகிவிடுகின்றன. சேதத்தைக் கொண்டே கட்டடத்தின் வரைபடத்தை ஊகித்த இந்தச் சாமர்த்தியத்துக்கு ஈடாக, பின்னால் வந்த விலையுயர்ந்த கருவிகள் பலவற்றை என்னால் மதிக்க முடிவதில்லை.

வித்துண்டாகும் வேளையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜீன்கள் புதிதாக வேலை செய்யத் தொடங்குகின்றன. ஆயினும் அவற்றையெல்லாம் ஏவுகிற அதிகாரம் மேற்சொன்ன மூன்று ஜீன்களிடமே பெரும்பாலும் இருக்கிறது என்பதையும், முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் எழுப்புகின்றன என்பதையும் அமெரிக்காவில் வில்லியம் டிம்பர்லேக்கும் அவருடைய சகாக்களும் நிரூபித்தார்கள். 1988-ல் அவர்கள் செய்த பரிசோதனை ரசமானது. பிரிஸ்டில் ஜீனை எடுத்து, சாராயத்தைச் செரிக்கும் ஜீனின் விசையோடு பிணைத்து, வேண்டியபோது முடுக்கிவிடக் கூடியதாக்கினார்கள். வித்துண்டாக இடமே இல்லாத திரவத்துக்குள் அதை முடுக்கியபோது, இழை வளர்ச்சியை அடியோடு நிறுத்தியது. தண்டுமின்றித் தலையுமின்றி, நுனியிலேயே வித்தை ஈன்றுவிட்டது!

வளர்ச்சி நின்றது என்பதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். வித்துண்டாக்கும் ஜீன்களை எழுப்பினால் மட்டும் போதாது, ‘வளர்’ என்னும் கட்டளையை அடக்கவும் வேண்டும் என்பதைப் பஞ்சுபோல் படரும் வேறு சில வக்கிரங்கள் தெளிவாக்கின. அவற்றுள் ஒன்றில், வளர்ச்சிக் கட்டளையைச் சுமக்கும் புரோட்டீனை அணைத்துவைக்கும் கை இல்லாமல் போய்விடுகிறது; அந்தப் பூஞ்சணம் ஓயாமல் வளர்ந்து வளர்ந்து, கடைசியில் நடுவிலிருந்து தானே கரைந்து அழிகிறது. இன்னொன்று தனித்து வைத்தால் வித்திடுவதேயில்லை; இயல்பான பூஞ்சணத்தின் அருகே வைத்தாலோ, நடுவே மெல்லிய சவ்வு தடுத்திருந்தும், வித்திடுகிறது. அண்டையிலிருப்பது கசியவிடும் ஏதோ ஒரு வஸ்து சவ்வைக் கடந்து வந்து, வக்கிரத்திடம் இல்லாத உத்தரவை அதற்குக் கொடுத்துவிடுகிறது. வளர்ச்சியைத் தூண்டும் அதே கட்டளைதான் இப்பூஞ்சணம் நஞ்சு தயாரிப்பதையும் தடுத்து வைத்திருக்கிறது என்று 1997-ல் தெரியவந்தபோது, வித்தும் விஷமும் ஒரே பிடியில் இருப்பது புலனாயிற்று.

இத்தனை ஆராய்ச்சிக்கு நடுவே ஒரு வேடிக்கையும் உண்டு. ஆராய்ச்சிசாலைகளில் வழக்கமாகக் கையாளப்பட்ட பூஞ்சண வம்சம், வெல்வெட் என்னும் ஜீன் பழுதுபட்டது. இருட்டிலும் தாராளமாக வித்திடுவது. பழுதில்லாத ஜீனையுடைய பூஞ்சணத்துக்கோ வித்திட வெளிச்சம், அதிலும் சிவப்பு வெளிச்சம், அவசியம் என்பதையும், அதையடுத்துச் சிவப்புக்கும் அப்பாற்பட்ட ஒளி பட்டால் அதன் பலன் போய்விடுகிறது என்பதையும் மூனி, யேகர் என்னும் இருவர் 1990-ல்தான் எடுத்துக்காட்டினார்கள். கண்ணில்லாத பூஞ்சணம் நிறத்தைப் பகுத்தறியும் விதத்தை அடுத்த வாரம் விசாரிப்போம்.