பழைய பிக்கப்பில் வேறு இன்ஜின்: கிளட்ச் கணக்கு எங்கே தப்புகிறது?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் காலை நேரத்தில் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? பஸ்கள், கோயிலுக்கு வருபவர்கள், சாலை பஜாருக்குச் சரக்கு ஏற்றி வரும் பிக்கப்புகள். நாலடி நகர்ந்தால் ஒரு பிரேக். இங்கே அதிகம் உழைப்பது உங்கள் இடது கால்தான். கிளட்சை முழுசா மிதித்தும் வண்டி முன்னால் இழுத்தால், எதிரே நடப்பவர்களுக்கு ஆபத்து.

இன்ஜின் மாற்றிய பழைய பிக்கப்புகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. காரணம் பெரும்பாலும் இன்ஜின் இல்லை, கணக்கு.

ஏன் ஹைட்ராலிக்?

வில்லிஸ் காலத்து ஜீப் வகை வண்டிகளில் பெடலையும் கிளட்சையும் இணைப்பது கம்பிகளும் நெம்புகோல்களும்தான். அதன் ஒரு முனை சேசிஸில், மறு முனை இன்ஜின் பக்கம். வேறு இன்ஜின் வந்தால் அளவும் கோணமும் மாறிடும், பழைய கம்பி பொருந்தாது. ஹைட்ராலிக்கில் இந்தத் தொல்லை இல்லை. பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் ஒரு ஹோஸ். இன்ஜின் அதிர்ந்தாலும் ஹோஸ் வளைந்து கொடுக்கும்.

எங்கே தப்பு நடக்குது?

கடையில் கிடைத்த மாஸ்டரையும், கியர்பாக்ஸோடு வந்த ஸ்லேவையும் அப்படியே மாட்டும்போதுதான். ஒரு உதாரணம் பார்ப்போம். மாஸ்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ., ஸ்லேவ் 19.05 மி.மீ. பெடலை மிதித்தால் மாஸ்டர் பிஸ்டன் 30 மி.மீ. நகரும்னு வெச்சுக்குவோம். அதே எண்ணெய் பெரிய ஸ்லேவை நிரப்பணும் என்பதால், அங்கே பிஸ்டன் சுமார் 21 மி.மீ. மட்டுமே நகரும். புது கிளட்ச் விலக 25 மி.மீ. வேணும்னா? 4 மி.மீ. பற்றாக்குறை. கியர் போடும்போது கரகரன்னு சத்தம் வரும், சிங்க்ரோ வளையம் தேயும்.

மாஸ்டரை 17.46 மி.மீ.க்கு மாற்றினால் 25 மி.மீ. கிடைத்துவிடும். ஆனால் பெடல் 21 சதவீதம் கனமாகும். இன்னும் பெரிசா 19.05 போட்டால் நகர்வு 30 மி.மீ. ஆகும், பெடல் 44 சதவீதம் கனக்கும். தேவைக்கு மேல் தள்ளினால் கிளட்ச் விரல்கள் கெடும், ஸ்லேவ் பிஸ்டன் வெளியே வந்து எண்ணெய் கொட்டவும் வாய்ப்பு உண்டு. அதனால் பெடலுக்கு அடியில் ஒரு ஸ்டாப்பர் அவசியம்.

வேறு என்ன கவனிக்கணும்?

மாஸ்டர் பொருத்தும் தகடு மெலிதாக இருந்தால், மிதிக்கும்போது தகடே வளைந்து நகர்வைத் தின்றுவிடும். பின்னால் பட்டை வைத்து பலப்படுத்தச் சொல்லுங்கள். ஹோஸ் சைலென்சர் குழாயைத் தொடக் கூடாது. குழாயில் காற்று இருந்தால் பெடல் பஞ்சுபோல இருக்கும், முழுசா ப்ளீட் செய்யணும். சிலிண்டருக்கு என்ன எண்ணெய்னு எழுதியிருக்கிறதோ (வழக்கமா டாட் 3 அல்லது டாட் 4) அதை மட்டும் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.

ஒரு எளிய சோதனை: இன்ஜின் ஓடும்போது ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சை முழுசா மிதித்துச் சில விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்பவும் கரகரத்தால் கிளட்ச் விலகலைன்னு சந்தேகப்படலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணும் இருக்கிறது. மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் தகராறு வரலாம்.

அதனால் ஒர்க்ஷாப்புக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். அனுமதி கிடைத்தால், கிளட்சுக்கு எத்தனை மி.மீ. நகர்வு வேணும்னு அளந்த பிறகு சிலிண்டர் வாங்குங்கள். ரெண்டு விட்டங்களையும் மெக்கானிக்கிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 'பார்த்துக்கலாம்'னு சொன்னால், வேலையைத் தொடங்க விடாதீர்கள்.