மடிக்கணினி மாற்றும்போது எழுத்துருவை மறவாதீர்

பாடக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், காணொளி முதலிய கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்துப் புதிய மடிக்கணினிக்குக் கொண்டுசெல்லலாம். மென்பொருள்கள் அப்படியல்ல. கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் பெரும்பாலானவை இயங்கா; அவற்றுக்கான பதிவுகள் பழைய கணினியின் விண்டோஸிலேயே தங்கிவிடும். புதிதாக நிறுவத்தான் வேண்டும்.

பலரும் மறப்பது எழுத்துருவை. பாமினி, வானவில் அவ்வையார் போன்றவற்றில் தட்டச்சு செய்த வினாத்தாள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாய்த் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். பல ஆண்டு உழைப்பு அது! பழைய கணினியின் சி டிரைவில், விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் இருக்கும். அங்கிருந்து எழுத்துருவை நகலெடுத்துப் புதியதில் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். யுனிகோடில் தட்டச்சு செய்தவற்றுக்கு இத்தொல்லை இல்லை.

பழைய கணினியை ஒப்படைக்குமுன் நான்கைந்து வினாத்தாள்களைப் புதியதில் திறந்து பாருங்கள்.