ஆரஞ்சுக் கொடிப் படகில் ஒரு நாள்

பாங்காக்குக்கு வரும் உறவினர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒரு நாளை ஆற்றுக்கு ஒதுக்குங்கள். மால்களை எந்த ஊரிலும் பார்த்துக்கொள்ளலாம். முதலாம் ராமா மன்னர் 1782ல் தலைநகரை இங்கே அமைத்தபோது அரண்மனையும் கோயில்களும் சந்தைகளும் சாவ் பிரயா ஆற்றை ஒட்டித்தான் எழுந்தன. ஊரின் முதல் பெரிய சாலையான சரோன் குருங் 1860களில்தான் போடப்பட்டது. அதுவரை ஆறும் வாய்க்கால்களுமே வீதிகள். இன்று காரில் சுற்றுகிறவர்கள் இந்த ஊருக்குள் கொல்லைப்புறமாக நுழைகிறார்கள். படகில் வருகிறவர்களுக்குத்தான் வாசல் திறக்கிறது.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வளர்ந்தவள். கணவரின் கல் வியாபாரத்துக்காக இங்கே வந்து, சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. இப்போது நம்மவர்களைவிடத் தாய்லாந்து மக்கள்தான் அங்கே அதிகம் கும்பிட வருகிறார்கள். அங்கிருந்து சாதோர்ன் படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். போன மார்கழியில் சித்தி வந்திருந்தபோது அவரையும் அப்படித்தான் அழைத்துப் போனேன்.

எந்தப் படகில் ஏறுவது?

சாதோர்ன் துறைக்கு மேலேயே சபான் தாக்சின் ரயில் நிலையம் இருக்கிறது. படியிறங்கியதும், நீளவால் படகுக்காரர்களும் உல்லாசப் படகு முகவர்களும் அழைப்பார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு எங்கே வருகிறது என்று பாருங்கள். அது ஆற்றின் டவுன் பஸ். அலுவலகம் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், பிக்குகள், கூடை சுமக்கும் வியாபாரிகள் எல்லோரும் ஏறுவது அதில்தான். எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். நாங்கள் போனபோது 16 பாட், நம் பணத்தில் நாற்பது ரூபாய் சொச்சம். மஞ்சள் கொடிப் படகு வேலை நாட்களின் நெரிசல் நேரத்துக்கானது, எல்லாத் துறையிலும் நிற்காது. நீலக் கொடி சுற்றுலாப் பயணிகளுக்கானது, கட்டணம் கூடுதல்.

டிக்கெட் கொடுக்கும் அம்மாள் கையில் நீளமான தகர உருளை ஒன்று இருக்கும். சில்லறையும் டிக்கெட் சுருளும் அதற்குள்ளேயே. அதைக் குலுக்கிச் சத்தம் எழுப்பியபடி வருவார். படகோட்டி முன்னால் உட்கார்ந்திருப்பதால் பின்புறம் அவருக்குத் தெரியாது. பின்னால் கயிற்றோடு நிற்கும் ஆள்தான் விசில் ஊதி வழிநடத்துகிறார். நெருங்கு, பின்வாங்கு, நிறுத்து, கிளம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விசில். படகு துறையில் நிற்பது சில விநாடிகள்தான், கயிற்றை முழுதாகக் கட்டக்கூட மாட்டார்கள். அதனால் உங்கள் துறைக்கு முந்தைய துறை தாண்டியதுமே எழுந்து பின்பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள். பிக்குகளுக்கென்று தனி இடம் உண்டு. அங்கே மற்றவர்கள் நிற்கக் கூடாது, பெண்கள் அவர்கள்மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி நடப்பது மரியாதை.

இந்தப் படகுச் சேவைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். குன்யிங் சுபத்ரா சிங்ஹலக்கா வழக்கறிஞர், பெண்ணுரிமைக்காகப் போராடியவர். அவருடைய தாயார் துடுப்புப் படகுகளை வைத்து ஆட்களை அக்கரை சேர்க்கும் தொழில் நடத்தியவர். அதிலிருந்து வளர்ந்து, 1971ல் ஆற்றின் நீளவாட்டில் ஓடும் இந்த எக்ஸ்பிரஸ் படகுச் சேவை வந்தது. இதைச் சொன்னதும் சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொம்பளை ஆரம்பிச்சதா இத்தனையும்! அதான் ஒழுங்கா ஓடறது" என்றார்.

பூச்சந்தை

முதலில் இறங்க வேண்டியது பாக் க்லோங் தலாத். நினைவுப் பாலத் துறை, அதை ஒட்டிய யோட்பிமான் துறை, இரண்டில் படகு எதில் நின்றாலும் சரி. தலைநகர் பிறந்த காலத்தில் இங்கே படகுச் சந்தை, பிறகு மீன் சந்தை, அதன்பின் காய்கறி, இன்றைக்குப் பூ. சரக்கு மாறியதே தவிர இடம் மாறவில்லை. காரணம் எளிது. வாய்க்கால் ஆற்றில் வந்து சேரும் முகத்துவாரம் இது. தோட்டத்துப் படகும் ஊர்ப் படகும் சந்திக்கும் இடத்தில் சந்தை தானாகக் கூடிவிடும். நீங்கள் இந்தப் பயணத்தில் பார்க்கப்போகும் எல்லாச் சந்தைக்கும் இதுவே கதை. துறை இருந்த இடத்தில்தான் கடை வந்தது.

மொத்த வியாபாரம் இரவு முழுக்க நடந்து விடிவதற்குள் ஓய்ந்துவிடும். காலையில் போனால் சில்லறை வியாபாரத்தை நிதானமாகப் பார்க்கலாம். மல்லிகை மொட்டைப் பனிக்கட்டியோடு கலந்து பையில் போட்டு வைத்திருப்பார்கள், மலராமல் இருப்பதற்காக. ஆர்க்கிட், கட்டுக்கட்டாய்த் தாமரை மொட்டு, மலைமலையாய்த் துலுக்கச் சாமந்தி. தாமரை மொட்டின் வெளியிதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து வேறொரு பூவாக்கிவிடுகிறார்கள்.

சித்தி ஒரு மாலைக்காரியின் எதிரே நின்றவர் நகரவேயில்லை. அந்தப் பெண் நம்மைப்போல் நாரில் தொடுக்கவில்லை. முழங்கை நீள ஊசியில் வாசலைன் தடவி, மல்லிகை மொட்டுகளைச் சக்கரம் சக்கரமாக அடுக்கிக் கோத்து, மொத்தத்தையும் நூலுக்கு வழுக்கி இறக்கினார். சித்தி பக்கத்துக் கடையில் உதிரி மல்லி வாங்கி, அவரிடமே நூல் கேட்டு, விரல் இடுக்கில் இரண்டு இரண்டாக வைத்து முடிச்சுப் போட்டுக் காட்டினார். சாண் நீளம் ஆனதும் அந்தப் பெண் அதை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது.

இங்கே ஒரு பழக்கம் நமக்கு உடனே புரியும். சாமிக்கு வைக்கும் பூவை இவர்களும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள். மாலையை எடுத்து மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். "தாவ் ராய்?" என்றால் எவ்வளவு என்று அர்த்தம். சொல்லுக்குப் பின்னால் பெண்கள் "கா", ஆண்கள் "க்ராப்" சேர்த்தால் மரியாதை. கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவார்கள். சின்ன மாலைக்குப் பேரம் பேச வேண்டாம். அது பலமணி நேரம் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலை.

எதிர்க்கரையில் சாப்பாடு

மறுபடி படகேறினால் இடப்பக்கம் வாட் அருண் கோபுரம் வரும். அதன் மேலெல்லாம் சீனப் பீங்கான் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். வெயிலில் ஆற்றின் நடுவிலிருந்து பார்ப்பதுதான் அதற்கு அழகு. கோயிலுக்குள் போக வேண்டுமானால் தா தியன் துறையில் இறங்கி, சிறு படகில் ஐந்து பாட் கொடுத்து அக்கரைக்குப் போகலாம். இந்த இடத்தில் நம் படகு ஓடுவது ஆற்றிலேயே அல்ல, வெட்டிய வாய்க்காலில். சாவ் பிரயா முன்பு மேற்கே பெரிய வளைவு எடுத்துச் சுற்றி வந்தது. கப்பல்களின் நேரம் வீணாகிறது என்று 1542ல் அயுத்தயா மன்னர் சைராச்சா குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினார். தண்ணீர் நேர்வழியைப் பிடித்துக்கொண்டு அதை அகலப்படுத்தி ஆறாக்கிவிட்டது. பழைய ஆறு பாங்காக் நோய், பாங்காக் யாய் என்ற வாய்க்கால்களாகச் சுருங்கியது.

மதியச் சாப்பாட்டுக்கு வாங் லாங் துறை. இறங்கியதும் சிரிராஜ் மருத்துவமனை. ஒன்றரை வயது மகனை வயிற்றுப்போக்குக்குப் பறிகொடுத்த சூலாலங்கோர்ன் மன்னர், அந்தக் குழந்தையின் பெயரிலேயே 1888ல் திறந்த மருத்துவமனை இது. அதை ஒட்டிய சந்துகளில் சந்தை. வாங்குகிறவர்கள் செவிலியர்கள், மருத்துவ மாணவர்கள், நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள். அதனால் செருப்பு, சட்டை, சோறு எல்லாமே கைக்கு அடக்கமான விலை. தென் தாய்லாந்துச் சமையல் இங்கே பெயர்பெற்றது. தெற்கே போகும் ரயில்களின் பழைய நிலையம் பக்கத்திலேயே இருந்ததுதான் காரணம். மஞ்சளும் மிளகாயும் தாராளமாகப் போட்ட அந்தக் குழம்பு நம் நாக்குக்குத் தோது.

அந்தப் பழைய நிலையக் கட்டடம் இப்போது மருத்துவமனையின் அருங்காட்சியகம். சற்றுத் தள்ளியிருக்கும் தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரி வழியாக ‘நாம் தோக்’ என்ற ஊருக்கு இன்றும் ரயில் போகிறது. அந்தப் பாதையின் பிற்பகுதி சயாம் மரண ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டு போட்ட தண்டவாளம். சாப்பிட்டு முடித்ததும் சித்தியிடம் இதைச் சொன்னேன். வாங்கி வைத்திருந்த தாமரை மொட்டுகளில் ஒன்றை ஆற்றில் விடச் சொன்னார். விட்டோம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளைத் தேடுங்கள். "ஜே" என்பார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் சேராது. மற்ற கடைகளில் காய்கறி வதக்கலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். "மாய் ஸை நாம் ப்லா" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேங்காய்ப்பாலில் தோய்த்த பசையரிசிச் சோறும் மாம்பழமும் சைவம்தான். சித்தி இரண்டு தட்டு சாப்பிட்டார்.

கடைசித் துறை

பிற்பகலில் கூட்டம் குறையும், உட்கார இடம் கிடைக்கும். வாங் லாங்கைத் தாண்டியதும் ஒற்றைத் தூணில் தொங்கும் எட்டாம் ராமா பாலம், பிறகு செடிச்சந்தை இருக்கும் தேவேத், அதற்கு மேலே ஆற்றைப் பார்த்தபடி புதிய நாடாளுமன்றம். நடுநடுவே ஆகாயத்தாமரை தீவுத் தீவாக மிதந்து வரும். 1901ல் ஜாவாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி, நாடு முழுக்க நீர்நிலைகளை அடைத்துவிட்டது. அதன் தண்டை உலர்த்தி இங்கே கைப்பை முடைகிறார்கள். ஆற்றுக்குத் தொல்லையான செடியில் ஒரு குடும்பத்துக்குக் கூலி கிடைக்கிறது என்பதால், ஊருக்கு எதையாவது வாங்கிப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது அந்தப் பையைத்தான்.

ஆரஞ்சுக் கொடி முடிகிற இடம் நோந்தபுரி. சாதோர்னிலிருந்து நேராக வந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். துறை வாசலில் மணிக்கூண்டு, அருகே மரத்தாலான பழைய மாகாண அலுவலகம், எதிரே சந்தை. இங்கே நினைவுப் பொருள் விற்பவர்கள் அரிது. கீரை, கத்தரிக்காய், தென்னை வெல்லம், கருவாடு, உலர்த்திய பழம், வீட்டுக்கு வேண்டிய சட்டிபானை. வண்டல் மண்ணில் விளைந்த நோந்தபுரி டுரியானுக்குத் தனிப் பெயர். 2011 பெருவெள்ளம் அந்தத் தோப்புகளில் பலவற்றை அழித்துவிட்டது. மிஞ்சிய மரங்களின் பழத்தை முன்கூட்டியே சொல்லி வைத்து, ஒரு பழத்துக்கு ஆயிரக்கணக்கான பாட் கொடுத்து வாங்குகிறார்கள். சந்தையில் சாதாரண விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சந்தபுரி, ரயோங் பக்கத்துச் சரக்கு. அதுவும் சித்திரையிலிருந்து ஆடிவரை நன்றாகவே இருக்கும். அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். மணம் காரணமாக விடுதிகளில் டுரியானை உள்ளே விட மாட்டார்கள்.

கிளம்பும் முன்

வேலை நாளில் போங்கள். காலை எட்டரைக்கு மேல் ஏறினால் அலுவலக நெரிசல் தணிந்திருக்கும். பூச்சந்தை, வாங் லாங், நோந்தபுரி என்ற மூன்று நிறுத்தம் ஒரு நாளுக்குப் போதும். இன்னும் இரண்டு சேர்த்தால் இளைப்பாற வந்தது ஓட்டமாகிவிடும். இருபது பாட் தாள்களும் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். குடை, தொப்பி, தண்ணீர், ஒரு துணிப்பை. மிதவைத் துறைகள் ஓதத்துக்கும் அலைக்கும் ஆடும் என்பதால் பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு நல்லது. முழங்கால் வலி உள்ளவர்களைப் படகுக்காரர்களே கைபிடித்து ஏற்றுவார்கள். சித்திக்கு ஒவ்வொரு துறையிலும் ஒரு கை நீண்டது. கடைசிப் படகு இருட்டியதும் போய்விடும். நோந்தபுரியிலிருந்து நாலரை, ஐந்து மணிக்குள் திரும்பி ஏறுங்கள். பச்சைப் பூ, பழம், செடி எதையும் ஊருக்குக் கட்டாதீர்கள், தாவர நோய்த்தடுப்பு விதிகள் இடம் தராது. வெல்லம், உலர்பழம், முடைந்த பை போதும்.

மேலே ரயிலும் ஆற்றுக்கு அடியில் மெட்ரோவும் வந்துவிட்ட ஊர் இது. 2019லிருந்து ஆற்றுக்கு அடியிலேயே அக்கரைக்குப் போய்விடலாம். ஆனாலும் படகு ஓடினால்தான் துறை இருக்கும், துறையில் ஆள் இறங்கினால்தான் சந்தை நிற்கும். 16 பாட் டிக்கெட், ஒரு முழம் மாலை, ஒரு தட்டுச் சோறு என்று நாம் கொடுப்பது சின்னத் தொகைதான். ஆனால் அது படகில் விசில் ஊதுகிறவருக்கும் ஊசியில் பூக் கோக்கிறவருக்கும் நேராகப் போய்ச் சேருகிறது. நூற்றாண்டுகளாக ஆற்றங்கரையில் நடந்துவரும் ஒரு வாழ்க்கை இன்னும் நடக்க நாமும் ஒரு பங்கு கொடுத்தோம் என்றாகிறது. பாங்காக் வருகிறவர்களே, அந்த ஒரு நாளை ஆற்றுக்குக் கொடுங்கள்.