ஸ்கேட்போர்டுப் பலகையின் அகலம்

ஸ்கேட்போர்டு என்பது ஒரு மரப்பலகையின் அடியில் இரண்டு உலோக அச்சுகளும் நான்கு சக்கரங்களும் பொருத்தப்பெற்ற விளையாட்டுக் கருவியாம். பலகை பெரும்பாலும் மேப்பிள் மரத்தின் மெல்லிய ஏடுகள் ஏழினை ஒட்டி அழுத்திச் செய்யப்படுவது. அதனை வாங்கப் புகுவோர் முதற்கண் வினவுவது, "எத்தனை அங்குல அகலம் கொள்ளலாம்?" என்பதே. காலணியின் அளவைக்கொண்டு இதற்கு விடைகூறும் அட்டவணைகள் உண்டு. தொடங்குவோர்க்கு அவை ஒருவாறு துணையாகுமேயன்றி, ஒருவர்க்கு உகந்த அகலத்தை அறிவிக்கமாட்டா. அஃது ஏறி ஏறி அறியத்தக்கது. யாம் பிழைபட்டே அறிந்தோம்.

எம் முதற்பலகை 7.5 அங்குல அகலமுடையது. எம்மினும் வல்லார் சிலர் 8.5 அங்குலப் பலகைமீது செல்லக் கண்டு, பழைய அச்சுகளை வைத்துக்கொண்டே பலகையை மட்டும் மாற்றினோம். விளிம்பில் கால் அழுந்தியபொழுதெல்லாம் அது சாய்ந்தது. ஒரு மாதத்திற்குள் மணிக்கட்டு வீங்கியது. "அகன்ற பலகை எமக்காகாது" என்று தீர்ப்பளித்து, அதனைப் பாதி விலைக்கு விற்றுவிட்டோம். குற்றம் பலகையினதன்று, அச்சினது என்பது ஓராண்டு கழிந்தே விளங்கிற்று. அச்சின் முனைக்கு முனை அளவு பலகையின் அகலத்தோடு ஏறக்குறைய ஒத்திருத்தல் வேண்டும். அச்சு குறுகின், சக்கரங்கள் உள்ளடங்க, விளிம்பு தாங்கலின்றி நிற்கும். மிக நீளின், தரையை உந்தும் கால் சக்கரத்தில் இடறும்.

இனி, அகலம் செய்யும் வேறுபாடு யாது? அகன்ற பலகையில் பாதம் நன்கு அமர்கின்றது. தாவி இறங்குங்கால் கால் சிறிது பிறழினும் விழுதல் குறைகின்றது. ஆயின் கிக்பிளிப் என்னும் வித்தையில் பலகையை அதன் நீளவாட்டு நடுக்கோட்டைப் பற்றி ஒரு முறை சுழற்றவேண்டும். நீளமும் கனமும் மாறாதிருப்பின், சுழற்சிக்குப் பலகை காட்டும் தடை அகலத்தின் மும்மடிப்பெருக்கத்தை ஒட்டி வளரும். 7.5 அங்குலத்தினின்று 8.5-க்குச் செல்வோர் அகலத்தில் 13 விழுக்காடே கூட்டுகின்றனர். தடையோ 45 விழுக்காட்டளவு மிகுகின்றது. ஓர் அங்குலந்தானே என்று எண்ணிய எமக்குக் கால் ஏன் தோற்றது என்பதை இக்கணக்கே உணர்த்திற்று. பௌதிக வகுப்பில் இதனைப் படித்திருந்தும் பலகைமேல் நின்றபொழுது நினைவிற்கு வாராதது எம் குறையே.

பலகை நடந்துவந்த வழியும் இதற்கிசைந்ததே. கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு வீரர்கள் தெருவிற்குக் கொணர்ந்த தொடக்ககாலப் பலகைகள் குறுகியன. 1970-களில் யூரித்தேன் சக்கரம் வந்தது. 1976-77 வறட்சியில் நீரின்றிக் கிடந்த நீச்சற்குளங்களின் வளைசுவர்களில் இளைஞர் ஏறியிறங்கலாயினர். வேகம் மிகவே, பலகையும் 10 அங்குலம்வரை விரிந்தது. 1980-களில் ராட்னி மல்லன் சமதரையில் பலகையைத் துள்ளவும் சுழலவும் செய்யும் வித்தைகள் பல கண்டார். அவை தெருவில் பரவிய 1990-களின் முற்பகுதியில் பலகை 7.5 அங்குலத்தளவிற்குச் சுருங்கிற்று. பின்னர் மெல்ல அகன்று, இந்நாளில் 8 முதல் 8.5 வரையுள்ளவையே பெரிதும் வழங்குகின்றன.

ஆதலின், மாற்ற விழைவோர் ஒருகாலத்து கால் அங்குலத்திற்குமேல் மாற்றாதிருத்தல் நன்று. அவ்வளவும் 6 மில்லிமீட்டரே. எனினும் பாதம் அதனை உடனே உணரும். புதுப்பலகையை ஓரிரு நாளில் ஒதுக்காது, சில வாரங்களேனும் ஏறிப் பார்த்தல் வேண்டும். அகன்ற பலகைகளுட் சில அச்சுகளின் இடைத்தூரத்திலும் மிகுந்திருக்கும். அதனை அளந்து பாராதார் நீளத்தின் குணத்தை அகலத்தின்மேல் ஏற்றிக் கூறுவர்.

யாம் 8-இல் ஓராண்டு கழித்து, இப்பொழுது 8.25-இல் நிற்கின்றோம். கிக்பிளிப் பழையபடி எளிதாயிற்று. அண்மையில் குழிவான தளங்களில் இறங்கப் பழகுவதால், முன்னர் விற்ற 8.5 மீண்டும் வேண்டியதாகலாம். இம்முறை அச்சையும் உடன் வாங்குவோம்.