ஹம்முஸ்: எண்ணெய் ஊற்றாமல் வரும் வழுவழுப்பு

வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலையை எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு ஆகியவற்றோடு மைய அரைத்தால் ஹம்முஸ். லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான், இஸ்ரேல் நாடுகளில் இது காலை உணவு. ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொள்வது என்பதைவிட, தட்டு நிறையப் பரப்பி, நடுவில் குழித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, ரொட்டியால் வழித்து உண்பதே அங்குள்ள வழக்கம். பச்சை வெங்காயமும் ஊறுகாயும் கூடவே வரும். கொண்டைக்கடலையை மசித்து வினிகரும் வாசனைப் பொருட்களும் சேர்த்த பண்டங்கள் இடைக்கால அரபுச் சமையல் நூல்களிலேயே காணப்படுகின்றன. ஹம்முஸ் யாருடையது என்ற வழக்கோ இன்றும் ஓயவில்லை. 2010-இல் லெபனான் சமையல் கலைஞர்கள் 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தனர். அந்த நாட்டின் பரப்பளவும் 10,452 சதுர கிலோமீட்டர்தான்.

வீட்டில் செய்யும்போது பலருக்கு ஹம்முஸ் திப்பிதிப்பியாக வந்துவிடுகிறது. உடனே எண்ணெயைக் கூட்டுவது வழக்கம். கடை டப்பாக்களிலும் பல, விலை கூடிய எள் விழுதைக் குறைத்துச் சூரியகாந்தி அல்லது சோயா எண்ணெயால் அந்த இடத்தை நிரப்புகின்றன. உண்மையில் வழுவழுப்பு வருவது கடலை வேகும் பதத்திலிருந்தும் எள் விழுது தண்ணீரோடு கலக்கும் விதத்திலிருந்தும்தான். அவை சரியாக அமைந்தால் அரைப்பதற்கு ஒரு சொட்டு எண்ணெயும் வேண்டாம்.

கடலையும் தண்ணீரும்

கொண்டைக்கடலையில் கறுப்பு, வெள்ளை என இரண்டு வகை. ஹம்முஸுக்கு மெல்லிய தோலுடைய வெள்ளைக் கடலையே ஏற்றது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த கடலை எவ்வளவு ஊறினாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும். அதைக் குக்கராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஆகவே புதிய சரக்காகப் பார்த்து வாங்குவது முதல் வேலை.

200 கிராம் கடலைக்கு அதன் 4 மடங்கு தண்ணீர் விட்டு 10 முதல் 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஊறியதும் எடை ஏறக்குறைய இரு மடங்காகும். கோடையில் இரவு முழுதும் வெளியே வைத்தால் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும். குளிர்ப்பெட்டியில் வைப்பது நல்லது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு வெளியேறும்.

போர் தண்ணீரில் கடலை வேகாமல் படுத்துவதற்குக் காரணம் உண்டு. கடலையின் செல்களைப் பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பசையை மேலும் இறுக்குகின்றன. வேகவைக்க மட்டுமாவது வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்தினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

வேகும் பதம்

சுண்டலுக்குக் கடலை முழுசாக நிற்க வேண்டும். ஹம்முஸுக்கு அது உருக்குலைய வேண்டும். சுண்டல் செய்து பழகிய கை, சரியாக வெந்துவிட்டது என்று அடுப்பை அணைக்கும் இடத்தில் ஹம்முஸின் கடலை பாதிதான் வெந்திருக்கும்.

வேகவைக்கும் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்ப்பது வழக்கம். சோடாவின் காரத்தன்மை பெக்டினைச் சிதைப்பதால் கடலை விரைவில் குழையும், தோலும் கழன்றுவரும். அளவு மீறினால் சோப்பு வாடை அடிக்கும். காரத்தில் வேகும்போது தயமின் என்ற வைட்டமின் பி1 ஓரளவு அழிவதும் உண்மை. சோடியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் சோடாவை விட்டுவிட்டு, கூடுதல் நேரம் வேகவைத்தாலும் பதம் கிடைக்கும். எலுமிச்சையைப் போன்ற புளிப்பு எதையும் இந்தக் கட்டத்தில் சேர்க்கக் கூடாது. புளிப்பு பெக்டினைக் காத்து, வேகவிடாமல் தடுக்கும்.

திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரம் வரைகூட ஆகலாம். மேலே திரளும் நுரையை எடுத்துவிட வேண்டும். குக்கரில் வைத்தால் நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் சோடா சேர்த்த தண்ணீர் பொங்கும், கழன்ற தோல் ஆவித் துளையை அடைக்கும். பாதிக் குக்கருக்கு மேல் நிரப்புவது ஆபத்து. பதம் பார்க்க விசில் எண்ணிக்கையை நம்புவதைவிட விரலை நம்பலாம். ஒரு கடலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால், நடுவில் மாவு போன்ற கட்டி எதுவும் தட்டுப்படாமல் வெண்ணெயாக மசிய வேண்டும்.

தோலை ஒவ்வொன்றாக உரிக்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு. இவ்வளவு வெந்த கடலைக்கு அது தேவையில்லாத பாடு. தண்ணீரில் மிதக்கும் தோலைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் போதும். தோலில் நார்ச்சத்து இருப்பதால் கொஞ்சம் தங்கினாலும் நன்மைதான்.

எள் விழுது

தஹினி எனப்படும் எள் விழுதுதான் ஹம்முஸின் சுவையைத் தீர்மானிப்பது. பாலஸ்தீனத்தின் நாப்லஸ் நகரம் அதற்குப் பேர்போனது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளை இளந்தீயில், நிறம் லேசாக மாறும்வரை மட்டும் வறுத்து, ஆறவிட்டு அரைத்தால் வீட்டிலேயே கிடைக்கும். சிவக்க வறுத்தால் கசக்கும். மிக்ஸியில் எள் முதலில் பொடியாகும், பிறகு பிட்டு போலத் திரளும், அதற்கும் பிறகுதான் எண்ணெய் கக்கி இளகும். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய் என்பதால் பொறுமை இருந்தால் வெளியிலிருந்து எண்ணெய் வேண்டியதில்லை. ஜார் சூடேறினால் நிறுத்தி நிறுத்தி அரைக்கலாம். ஓரிரு கரண்டி எண்ணெய் தவிர்க்க முடியாவிட்டால், தமிழ்நாட்டுச் செக்கு நல்லெண்ணெயைவிட மணமில்லாத எண்ணெய் பொருந்தும்; கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெயின் வாசம் ஹம்முஸின் சுவையை வேறு பக்கம் இழுத்துவிடும்.

பூண்டும் புளிப்பும்

பச்சைப் பூண்டை நசுக்கியதும் அல்லினேஸ் என்ற நொதி வேலை செய்து, காரமான அல்லிசினை உண்டாக்குகிறது. அரைத்த ஹம்முஸ் மறுநாள் பூண்டு நெடியடிப்பதற்கு இதுவே காரணம். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தில் அந்த நொதி முடங்கும். எனவே 2 பல் பூண்டை 4 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்தே நசுக்கி, 10 நிமிடம் வைத்து வடிகட்டினால், பூண்டின் மணம் இருக்கும், நாக்கைச் சுடாது.

அரைக்கும் வரிசை

கடலையைத் தண்ணீர் வடித்து, சூடு முழுதும் ஆறுமுன் தனியாக அரைக்க வேண்டும். ஆறினால் அதிலுள்ள மாவுச்சத்து இறுகி, எவ்வளவு அரைத்தாலும் சற்று நறநறக்கும். மிக்ஸி மூடியைச் சிறிது தளர்த்தி வைத்தால் ஆவி அழுத்தம் சேராது. நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு, மறுபடியும் அரைத்து 3, 4 நிமிடம் ஓட்டலாம்.

பிறகு 120 கிராம் எள் விழுது, பூண்டுச் சாறு, முக்கால் டீஸ்பூன் உப்பு. இங்கேதான் பலர் பயந்துவிடுகிறார்கள். சாறு பட்டதும் எள் விழுது இளகாமல், கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகும். எண்ணெயில் மிதந்துகொண்டிருந்த எள் துகள்கள் அந்தச் சிறிதளவு ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். விழுது கெட்டுப்போகவில்லை, தண்ணீர் போதவில்லை. மிக்ஸி ஓடும்போதே ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டால், 5 அல்லது 6 கரண்டிக்குள் விழுது சட்டென்று வெளுத்து, இளகி, பளபளக்கும். எண்ணெய்த் துளிகள் தண்ணீருக்குள் நுண்ணியதாகச் சிதறிவிட்டன என்பதற்கு அந்த வெளுப்பே அடையாளம். சற்றுத் தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அரை மணி நேரத்தில் தானே கெட்டிப்படும். ஆலிவ் எண்ணெய், சீரகப் பொடி, மிளகாய்ப் பொடி எல்லாம் தட்டில் பரப்பிய பிறகு மேலே. துருக்கியில் இதைச் சுடவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றிப் பரிமாறுவார்கள்; சுவை நன்றாகவே இருக்கும், கொழுப்புக் கணக்குத்தான் மாறும்.

உடலுக்குக் கிடைப்பது

மேற்சொன்ன அளவில் 700 கிராமுக்குச் சற்று மேல் ஹம்முஸ் தேறும். 100 கிராமில் தோராயமாக 200 கிலோ கலோரி, 8 கிராம் புரதம், 10 கிராம் கொழுப்பு, 4 முதல் 5 கிராம் நார்ச்சத்து. கொழுப்பில் பெரும்பகுதி எள்ளிலிருந்து வரும் நிறைவுறாக் கொழுப்பு. மேலே ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் தனியாக 120 கிலோ கலோரி கூட்டும் என்பதை எடை குறைக்க நினைப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

பருப்பு வகைகளில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, லைசின் அதிகம். எள்ளில் இது தலைகீழ். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. கொண்டைக்கடலையின் மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதால் இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறாது. ஆனால் நீரிழிவு உள்ளவர் அதை மைதா ரொட்டி மூன்று நான்கோடு சாப்பிட்டால் அந்த நன்மை கரைந்துபோகும். வெள்ளரி, கேரட், குடைமிளகாய்த் துண்டுகளால் தொட்டுக்கொள்ளலாம். எலுமிச்சையின் வைட்டமின் சி, கடலையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது. ஃபோலேட்டும் கணிசமாக உண்டு.

கால்சியத்துக்காக ஹம்முஸ் சாப்பிடச் சொல்வது மட்டும் மிகை. எள்ளின் கால்சியம் பெரும்பாலும் தோலில் இருக்கிறது. தஹினிக்குத் தோல் நீக்கும்போது அது போய்விடுகிறது. தோலிலுள்ளதும் பெரும்பாலும் ஆக்சலேட்டாகப் பிணைந்திருப்பதால் உடலில் சேர்வது குறைவே.

எச்சரிக்கை தேவைப்படுபவர்கள்

எள் ஒவ்வாமை அரிதான ஒன்று என்று கருதப்பட்ட காலம் போய்விட்டது. அமெரிக்கா 2021-இல் சட்டம் இயற்றி, 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவது முதன்மை ஒவ்வாமைப் பொருளாக உணவு உறைகளில் குறிப்பிடக் கட்டாயமாக்கியது. முதன்முறை உண்ணும் குழந்தைக்கு மிகச் சிறிதளவு கொடுத்துக் கவனிக்க வேண்டும். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குக் கடலையும் பூண்டும் சேர்ந்து வயிற்றை உப்பவைக்கலாம். ஹம்முஸ் மேல் ஃபவா பீன்ஸ் மசியலை ஊற்றித் தருவது அரபு உணவகங்களில் சகஜம்; ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது என்பதால் கேட்டு உறுதி செய்துகொண்டு உண்ண வேண்டும்.

எள் விழுதில் சால்மோனெல்லா கிருமி நீண்ட நாள் உயிர்வாழும். குளிர்ப்பெட்டியின் குளிரிலும் லிஸ்டீரியா பெருகும். கர்ப்பிணிகளுக்கு லிஸ்டீரியா கருச்சிதைவு வரை கொண்டுபோகக் கூடியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் உணவு ஆணையம் தஹினி கலந்த ஹம்முஸைத் தவிர்க்குமாறு அவர்களுக்கு அறிவுறுத்துகிறது.

சேமிப்பு

அரைத்த ஹம்முஸை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. சென்னை வெயிலில் அந்த நேரமும் அதிகம். மூடிய பாத்திரத்தில், 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, 3 அல்லது 4 நாள் இருக்கும். கடை டப்பாவில் உள்ள பதனப் பொருள் வீட்டு ஹம்முஸில் கிடையாது. ரொட்டி தொட்ட மிச்சத்தைத் திரும்பப் பாத்திரத்தில் சேர்ப்பதும், ஈரக் கரண்டி போடுவதும் அந்த நாட்களைக் குறைக்கும். வெந்த கடலை மிஞ்சினால் அரைக்காமல் உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது கொதிநீரில் சில நிமிடம் போட்டுச் சூடேற்றி அரைத்தால் புதிதாகச் செய்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது.